கல்லுக்குள் ஓர் ஆப்பு

(பாறையேற்றம் பழகுவோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் சட்டைப்பையில் ஒரு போல்ட் எடுத்து வந்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். 10 மில்லிமீட்டர் கனம். நீளம் ஒரு விரல் அளவு. மேல் பாதியில் மரை வெட்டியிருக்கிறது. அதில்தான் வாஷரும் நட்டும் ஏறும். வால் பக்கம் கூம்பாகப் பருத்திருக்கிறது. கூம்புக்கு மேலே கழுத்துபோல ஒடுங்கிய இடத்தில் மெல்லிய தகட்டு வளையம் ஒன்று சுற்றியிருக்கிறது, பாருங்கள். அந்த வளையத்தில் காய்ந்துபோன சாந்து மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துவிட வேண்டாம். பன்னிரண்டு வருடமாகத் துடைக்காமல் வைத்திருக்கிறேன்.

பாறையில் நான் அடித்த போல்ட் அது. மறுநாள் நானே பிடுங்கினேன். ஏன் பிடுங்கினேன் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் இது எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம். வீட்டில் ஏசி மாட்ட ஆள் வருகிறார். வெளிச்சுவரில் டிரில் போட்டு, ஆங்கர் போல்ட் அடித்து, பிராக்கெட்டை மாட்டி ஸ்பேனரால் முறுக்குகிறார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் ‘ராவல் பிளக்’ என்கிறார்களே, அந்தப் பெயருக்குப் பின்னால் ஜான் ஜோசப் ராவ்லிங்ஸ் என்று லண்டனில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் இருக்கிறார். பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாமான்களைப் பொருத்த வேண்டியிருந்தது. சின்னத் துளைக்குள் போய், திருகு ஏறும்போது விரிந்து பிடிக்கும் செருகல் ஒன்றை 1910களின் தொடக்கத்தில் அவர் செய்தார். துளைக்குள் போய் விரிவது என்ற அந்த ஒரே யுக்திதான் நம் உயிரையும் தாங்குகிறது.

துளைக்குள் போல்ட்டைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறோம். வளையம் துளையின் சுவரை உரசிக்கொண்டே உள்ளே போகிறது. பிறகு காரபினர் கொக்கியைக் கோக்கும் காதுத் தகட்டை, அதாவது ஹேங்கரை, மாட்டி நட்டை முறுக்குகிறோம். முறுக்க முறுக்க போல்ட் வெளியே வரப் பார்க்கும். வளையம் மட்டும் சுவரைப் பற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே நிற்கும். கூம்பு அந்த வளையத்துக்குள் ஏறும். வளையம் விரிந்து பாறையை நெருக்கும். தச்சர்கள் பிளந்த கட்டையில் ஆப்பு இறக்குவதுபோல, உலோகமே உலோகத்துக்கு ஆப்பாகிறது.

இதில் எல்லாமே முதல் பற்றில் இருக்கிறது. வளையம் சுவரைப் பற்றாவிட்டால் கூம்பு ஏறாது, வளையம் விரியாது. நீங்கள் முறுக்கும்போது நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றும். பாறையில் வேலை செய்கிறவர்கள் இதையும் ‘ஸ்பின்னர்’ என்பார்கள். போல்ட் அடிப்பவருக்கு வரும் தொல்லைகளில் அடிக்கடி வருவதும், அதிகமாக மூடி மறைக்கப்படுவதும் இதுதான்.

என் கதைக்கு வருகிறேன். பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவே ராமநகரம் இருக்கிறது. ‘ஷோலே’ படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரின் பழைய பெயர் குளோஸ்பேட்டை. அந்தப் பெயரை வைத்தே அங்குள்ள கல்லைப் புவியியலாளர்கள் குளோஸ்பெட் கிரானைட் என்கிறார்கள். சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கல். விரியும் போல்ட்டுக்கு இதைவிட நல்ல கல் கிடையாது. அந்த வட்டாரத்துக் குன்று ஒன்றில் புதிய பாதை போட்டுக்கொண்டிருந்தோம். ஜூலை மாதம். மத்தியானம் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. உச்சியில் ஆங்கருக்கு இரண்டு போல்ட் அடித்தால் வேலை முடிந்தது. முதலாவது நன்றாக உட்கார்ந்தது. இரண்டாவது துளையைப் போட்டு முடித்தபோது ஊதுகுழாய் கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வாயாலேயே ஓர் ஊது ஊதிவிட்டு போல்ட்டை அடித்தேன்.

நட்டை முறுக்கினேன். நல்ல போல்ட் மூன்று நான்கு சுற்றிலேயே கையை எதிர்க்கத் தொடங்கும். 10 மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு சுற்றுக்கு நட்டு ஒன்றரை மில்லிமீட்டர் நகரும். அப்படியானால் நாலு சுற்றுக்கு ஆறு மில்லிமீட்டர். அதற்குள் கூம்பு ஏறி இறுகிவிட வேண்டும். என் கையில் இருந்ததோ ஏழு, எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டே இருந்தது. எதிர்ப்பே இல்லாத ஒரு வழவழப்பு. போல்ட்டின் முனை அரை விரற்கடை வெளியே வந்துவிட்டது. பிறகு லேசாக ஒரு பிடி கிடைத்தது. ஹேங்கர் அசையாமல் நின்றது. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். போல்ட்டே சுற்றியது.

கீழே கயிறு பிடித்திருந்த நண்பன், “முடிஞ்சுதாடா?” என்று கத்தினான்.

“முடிஞ்சுது” என்றேன்.

இருட்டிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. பார்வைக்கு அந்த ஆங்கரில் ஒரு குறையும் கிடையாது. பளபளவென்று ஒரு ஹேங்கர், பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புதிதாகப் பழகும் பிள்ளைகள் ஆறு பேர் வருவதாக இருந்தது. அவர்களில் யாராலும் இரண்டில் எது பொய் என்று கண்டுபிடித்திருக்க முடியாது.

விடிந்ததும் மறுபக்கம் வழியாக ஏறி, கயிற்றில் இறங்கி, அந்த ஹேங்கருக்கு அடியில் சிறு கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். சேற்றில் நட்ட கம்பு மாதிரி வந்துவிட்டது. வளையத்தைப் பார்த்தேன். ஈரமான கல்மாவு சாந்தாகக் குழைந்து வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே வழவழவென்று பூசியிருந்தது. வளையம் பற்றவே இல்லை, அந்தச் சாந்தின் மேல் வழுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது உங்கள் கையில் இருப்பது அதுதான். 250 கோடி வருடத்துக் கல்லில் ஒரு குறையும் இல்லை. போல்ட்டிலும் இல்லை. துளையைச் சுத்தம் செய்யாத என் கையில்தான் தப்பு.

இந்தத் தொழிலில் நான் கற்றதில் முக்கியமானது இது: போல்ட் தகராறு செய்தால் முதலில் துளையைச் சந்தேகியுங்கள். பத்தில் ஒன்பது தடவை பதில் அங்கேதான் இருக்கும்.

சுத்தம் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. துளையின் அடிவரை ரப்பர் குழாயை விட்டு ஊத வேண்டும். பிறகு துளைக்கேற்ற உருளைத் தூரிகையை விட்டுச் சுவர் முழுக்கத் தேய்க்க வேண்டும். மறுபடி ஊத வேண்டும். தூரிகையில் மாவு ஒட்டி வராத வரைக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஊதும்போது கண்ணுக்குக் கண்ணாடியும், டிரில் போடுவதிலிருந்தே மூக்குக்கு நல்ல முகமூடியும் கட்டாயம். கிரானைட் தூளில் சிலிகா இருக்கிறது. கல்குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்கிற சிலிகோசிஸ் இதே தூளால்தான் வருகிறது. ஒருநாள் வேலைதானே என்று நினைக்காதீர்கள். மழை நாளிலோ பாறை ஊறியிருக்கும்போதோ துளை போடவே வேண்டாம் என்பேன். ஈரத் தூள் ஊதினால் வராது, சுவரிலேயே அப்பிக்கொள்ளும்.

தூள் ஒரு காரணம். துளை அகலமாகிப் போவது இன்னொன்று. டிரில்லை இரண்டு கையாலும் நேராகப் பிடிக்காமல், கயிற்றில் தொங்கியபடி ஆடிக்கொண்டே போட்டால் துளை வட்டமாக வராது. முட்டை வடிவில் வரும். டிரில்லின் பிட் நன்றாகப் பதியும் வரை மெதுவாக ஓட்டி, அதன் பிறகே முழு வேகத்துக்குப் போக வேண்டும். அதற்கு நேர்மாறாக, பழைய பிட் தேய்ந்துபோய்த் துளை குறுகிவிடுவதும் உண்டு. அப்போது போல்ட் பாதியில் நின்றுவிடும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அந்த இடத்தில் ஆத்திரப்பட்டு ஓங்கி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மரை நசுங்கும், தண்டு வளையும், வளையம் கிழியும். பாதியில் நின்ற போல்ட்டைப் பல்லுள்ள குறடால் பற்றி, இடமும் வலமும் மெல்லத் திருகிக்கொண்டே வெளியே எடுக்கப் பாருங்கள். வந்துவிட்டால் புது பிட்டால் அதே துளையை ஒருமுறை சீவிவிட்டு, சுத்தம் செய்து, புது போல்ட் போடுங்கள். பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது.

ஆழம் விஷயத்தில் ஒரு மயக்கம் இருக்கிறது. துளை கூடுதல் ஆழமானால் இந்த வகை போல்ட்டுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் போல்ட் பழசானால் உள்ளே தட்டி இறக்கி மூடிவிடலாம் என்பதால் நல்லதும்கூட. ஆழம் குறைந்தால்தான் ஆபத்து. போல்ட் அடியில் முட்டி நிற்கும். ஹேங்கருக்கும் பாறைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் இரண்டு மூன்று வாஷரைப் போட்டு நிரப்பி முறுக்கிவிட்டால் இறுகினதுபோலவே தெரியும். ஆனால் வளையம் மேல்தோலில் பிடித்துக்கொண்டு நிற்கும். சுமை விழும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு வளையும். துளையின் அடியில் தங்கிய தூளும் ஆழத்தைத்தான் தின்கிறது. பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி அளவு வைத்துக்கொண்டு, போல்ட்டின் நீளத்துக்கு மேல் ஒரு விரற்கடை கூடுதலாகப் போடுங்கள்.

இப்போது, சுற்றும் போல்ட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? ஹேங்கர் சுற்றுவது வேறு, போல்ட் சுற்றுவது வேறு. நட்டு தளர்ந்தாலும் ஹேங்கர் ஆடும். அது சின்னக் கோளாறு. போல்ட்டின் முனையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஸ்பேனரால் நட்டை மெதுவாக முறுக்கிக்கொண்டே அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு நின்ற இடத்தில் நிற்க, நட்டு மட்டும் நகர்ந்து இறுகினால் தளர்ந்த நட்டுதான். அளவாக முறுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். கோடும் நட்டோடு சேர்ந்து கடிகார முள் மாதிரி நகர்ந்தால், உள்ளே வளையம் பற்றவில்லை. இரண்டு ரூபாய் மை போதும், இதைத் தெரிந்துகொள்ள.

சுற்றுகிறது என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? முதலில் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். ஹேங்கருக்கு அடியில் சுத்தியலின் பிளவு முனையையோ சிறு கடப்பாரையையோ கொடுத்து, போல்ட்டை வெளிப்பக்கமாக நெம்பிப் பிடித்துக்கொண்டே நட்டை முறுக்குங்கள். வெளியே இழுக்கும் விசை கிடைத்தால் கூம்பு சில சமயம் வளையத்தைக் கவ்விக்கொள்ளும். இரண்டு மூன்று சுற்றில் கை கனத்து, முறுக்கு சீராக ஏறி, தயாரிப்பாளர் சொன்ன அளவை எட்டினால் அதை ஏற்றுக்கொள்ளலாம். மறுநாள் திரும்பவும் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். நெம்பியும் வழுக்கினால் பேச்சே கிடையாது, வெளியே எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த துளை சீராக இருந்தால் 12 மில்லிமீட்டராகப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போடலாம். அல்லது துளைக்குள் பசையில் பதிப்பதற்கென்றே செய்த பசை போல்ட்டை வைக்கலாம். போல்ட் வரவும் மாட்டேன், பிடிக்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தால் ஹேங்கரைக் கழற்றி, போல்ட்டை உள்ளே அடித்து இறக்கியோ மட்டமாக அறுத்தோ, எபாக்சியில் அந்தப் பாறையின் தூளையே கலந்து துளையை மூடிவிட்டு, ஒரு சாண் தள்ளிப் புதுத் துளை போடுங்கள்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சுவரில் ஆணி ஆடினால் தீக்குச்சியோ மரச்சீவலோ வைத்து அடிக்கிறோம் இல்லையா? பாறையில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து, துளைக்குள் தகரத் துண்டும் கம்பியும் சொருகி போல்ட் அடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதேபோல் சுற்றும் போல்ட்டைச் சுற்றிப் பசையைப் பூசி அசையாமல் நிறுத்துவதும் மோசடிதான். பசை பிடிக்க வேண்டுமானால் துளையின் சுவர் தூளில்லாமல் இருக்க வேண்டும். தண்டில் பசை கவ்வ முரடான புரிகள் இருக்க வேண்டும். இந்த வழவழப்பான தண்டை வெளியே பூசிய பசை தாங்காது. அது செய்வதெல்லாம், அடுத்து வருகிறவருக்கு எச்சரிக்கையாக இருந்த அந்த ஆட்டத்தை மறைத்துவிடுவதுதான்.

முறுக்கின் அளவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பல தயாரிப்பாளர்கள் ஏறக்குறைய 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரை சொல்கிறார்கள். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் பெட்டியில் வரும் தாளைப் படியுங்கள். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருவது சுமார் 25 நியூட்டன் மீட்டர். இதைத் தரையில் ஒரு வைஸில் வைத்துச் செய்து பாருங்கள், கைக்குப் பழகிவிடும். பலமாக இருக்கட்டும் என்று நீளக் குழாயைச் சொருகி முறுக்குவது தவறு. போல்ட் இழுபட்டு, கடைசியில் முறிந்தே போகும். முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் ‘கிளிக்’ என்று சொன்னதும் நிம்மதியாகிவிடவும் கூடாது. துரு ஏறாத எஃகில் மரையும் மரையும் உரசி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் குணம் உண்டு. அப்போது ஸ்பேனர் அளவைக் காட்டும், போல்ட்டுக்குள் இழுவை இருக்காது. முறுக்கு சீராகக் கனத்துக்கொண்டே வந்தால் நல்லது. திடீரென்று கறகறவென்று நின்றால் மரையில் கோளாறு. சுத்தியலால் அடிக்கும் முன்பு நட்டைப் போல்ட்டின் முனைக்குச் சமமாக ஏற்றிக்கொண்டு அடித்தால் மரை நசுங்காமல் தப்பும்.

கல்லைப் பற்றியும் பேச வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரியில் நாற்பது வருடம் உளி பிடித்த பெரியவர் ஒருவரிடம் ஒரு வாரம் கூடவே இருந்தேன். கையில் சின்னச் சுத்தியல். பாறை மேல் நடந்துகொண்டே தட்டிக்கொண்டு போவார். ஓரிடத்தில் ‘கிண்’ என்று கேட்கும். நாலு அடி தள்ளி ‘பொத்’ என்று கேட்கும்.

“என்னய்யா வித்தியாசம்?” என்றேன்.

“கேளு தம்பி. இங்க கல்லு பதில் சொல்லுது. அங்க சொல்லலை. பொருக்கு விட்டிருக்கு. பதில் சொல்லாத கல்லுல கைய வெக்காத.”

அவர் சொன்னதைப் பிறகு நூறு தடவை சரிபார்த்துவிட்டேன். நம் கிரானைட் குன்றுகள் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரியும் சுபாவம் உடையவை. வெளியே பார்த்தால் ஒரே பாறையாகத் தெரியும். உள்ளே அரை அடி கனத்தில் ஒரு பொருக்கு தனியாக நிற்கும். அதில் எவ்வளவு சுத்தமாகத் துளை போட்டு, எவ்வளவு கச்சிதமாக போல்ட்டை முறுக்கினாலும், போல்ட் பொருக்கோடு சேர்ந்து வரும். டிரில் போடும்போது திடீரென்று எதிர்ப்பில்லாமல் பிட் உள்ளே பாய்ந்தாலும் அதே எச்சரிக்கைதான். உள்ளே வெற்றிடம் இருக்கிறது. அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

விளிம்பு இன்னொரு கண்ணி. மாமல்லபுரம் போனால் சிற்பங்களோடு நின்றுவிடாமல் சுற்றியுள்ள பாறைகளையும் பாருங்கள். சிலவற்றில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளக்க வெட்டிய குழிகள் அவை. ஆப்பின் வேலையே பிளப்பதுதான். நம் போல்ட்டும் ஆப்புதான் என்பதை மறந்து, விளிம்பின் ஓரத்திலும் விரிசலுக்குப் பக்கத்திலும் அடித்தால், நாம் ஆங்கர் போடவில்லை, கல் உடைக்கிறோம். விளிம்பு, விரிசல், பக்கத்து போல்ட் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது ஒரு சாண். முடிந்தால் இன்னும் தள்ளி. அப்படி இடம் இல்லையென்றால், விரிந்து நெருக்காத பசை போல்ட்டை யோசியுங்கள். மணற்பாறையிலும் நான் பசை போல்ட்டைத்தான் சொல்வேன். மேல் ஓடு கெட்டியாக இருந்து உள்ளே பொடியாக உதிரும் மணற்பாறையில் வளையம் விரிய விரியச் சுவரே நொறுங்கும்.

பெட்டியில் 25 கிலோநியூட்டன் என்று போட்டிருக்கும். ஐரோப்பியத் தரமான இ.என். 959, சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ.வின் 123ஆம் தரம் இரண்டும் பக்கவாட்டு இழுவைக்குக் கேட்கும் அளவு அது. ஏறக்குறைய இரண்டரை டன் எடை. ஆனால் அது சோதனைக் கூடத்தில், நல்ல கான்கிரீட் கட்டையில், முறையாகப் போட்ட துளையில் கிடைத்த எண். பொருக்கிலும் சாந்திலும் உட்கார்ந்த போல்ட்டுக்கு அந்த எண்ணோடு எந்த உறவும் கிடையாது.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்ற இடம் ஒன்று உண்டு. தாய்லாந்தின் கிராபிக்குப் பக்கத்தில் ரைலே, டோன்சாய் என்று கடலோரச் சுண்ணாம்புப் பாறைகள் இருக்கின்றன. உலகம் முழுவதிலிருந்தும் ஏறுபவர்கள் வரும் இடம். அங்கே அடித்த துரு ஏறாத எஃகு போல்ட்டுகள், வெளியே பார்க்க நன்றாக இருந்தபோதே, சில ஆண்டுகளில் படக்கென்று முறிந்தன. உப்பும் வெப்பமும் ஈரமும், போல்ட்டுக்குள் எப்போதும் இருக்கும் இழுவையும் சேர்ந்து உலோகத்தில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கிவிட்டன. கரீபியக் கடலின் கேமன் பிராக் தீவிலும் இதே கதைதான். இரண்டு இடங்களிலும் இப்போது நம்புவது பசையில் பதித்த டைட்டானியம் போல்ட்டுகளைத்தான். ஆகவே கடற்கரைப் பாறையில் கடைத்தெருவில் கிடைத்த ஆங்கர் போல்ட்டை அடிக்காதீர்கள். உள்நாட்டிலும் நாக முலாம் பூசிய போல்ட்டையும் துரு ஏறாத ஹேங்கரையும் சேர்த்துப் போட வேண்டாம். உலோகங்கள் மாறினால் ஒன்று மற்றொன்றை அரிக்கும்.

ஒரு போல்ட் அதை அடித்தவரைத் தாண்டி வாழும். அமெரிக்காவில் பாறையேற்றத்துக்கு விரியும் போல்ட் முதன்முதலில் பயன்பட்டது 1939இல், நியூ மெக்சிகோவின் ஷிப்ராக் குன்றில் என்பார்கள். பிற்காலத்தில் சுற்றுச்சூழல் இயக்கத்தின் பெரும் தலைவராக அறியப்பட்ட டேவிட் பிரவுரும் மூன்று தோழர்களும் ஏறினார்கள். மொத்தம் நாலே நாலு போல்ட் அடித்தார்கள். 1958 நவம்பரில் யோசெமிட்டியின் எல் கேபிடன் முகட்டுக்குக் கீழே, கடைசிக் கூரைப் பாறையில், வாரன் ஹார்டிங் ராத்திரி முழுக்கத் தலைவிளக்கு வெளிச்சத்தில் கையாலேயே துளை போட்டு 28 போல்ட் அடித்து விடிகாலையில் உச்சியைத் தொட்டார். மின்சார டிரில் கிடையாது, உளியும் சுத்தியலும்தான். கையால் துளை போடுவது அவ்வளவு பாடு என்பதால் அந்தக் காலத்தில் கால் அங்குல போல்ட்டுகள்தான் வழக்கம். அடித்தவர்கள் அன்றைக்கு ஏறிப்போவதற்காக அடித்தார்கள். பின்னால் பல பத்து ஆண்டுகள் முன்பின் தெரியாதவர்கள் அவற்றில் தொங்கினார்கள். துருப்பிடித்த அவற்றை மாற்றுவதற்கென்றே 1998இல் அமெரிக்கன் சேஃப் கிளைம்பிங் அசோசியேஷன் என்று ஓர் அமைப்பு தோன்ற வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் மாற்றியிருக்கிறார்கள், இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் துளை போடும் முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ராமநகரத்தின் ராமதேவர பெட்டா 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. பாதாமி போன்ற ஊரில் குகைக் கோயிலும் ஏறும் பாறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அங்கெல்லாம் டிரில்லை வெளியே எடுக்கும் முன்பே அனுமதி பேசி முடித்திருக்க வேண்டும்.

இந்த ஓர் உரையைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே பாறையில் போல்ட் அடிக்கக் கிளம்ப வேண்டாம். முதலில் பயன்படாத ஒரு குண்டுக்கல்லைத் தேர்ந்தெடுங்கள். தரையில் நின்று பத்துத் துளை போடுங்கள். ஐந்தைச் சுத்தம் செய்து அடியுங்கள், ஐந்தைத் தூளோடு அடியுங்கள். முறுக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மணிக்கட்டில் பதியட்டும். அப்புறம் அனுபவமுள்ள ஒருவரோடு ஒரு பருவம் கூடவே போங்கள்.

ஏற மட்டும் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கரில் ஹேங்கர் ஆடினால், விரலால் நட்டைத் திருகிவிட்டு இறங்கிப் போய்விடாதீர்கள். அதில் தொங்காதீர்கள். படம் எடுத்து, எந்தப் பாதை, எத்தனையாவது போல்ட் என்று குறித்து, அந்தப் பாதையைப் பராமரிப்பவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அடுத்து ஏறப்போகிறவர்களிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அந்த போல்ட் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்திருந்தால் மேடைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு குழுவுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.